சொல்லிக் கொடுக்காத பெயர்

முதல் தடவை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறபோது ஆகிலா உயிரியல் புத்தகம் முழுக்க மஞ்சள் மை பூசி வைத்திருந்தாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிந்த முகம்போலத்தான் தெரியும். ஆனால் பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைப் புரட்டியதும் ஒன்றும் கைக்கு வரவில்லை. பெறுபேறு வந்த அன்று அவளுடைய வாப்பா முத்தலிப், "அழாத மகள், இன்னொருக்கா எடுப்பம்" என்று தலையைத் தடவிவிட்டுக் கல்முனை பஸாரிலுள்ள தன் புடவைக்கடைக்குப் போனார்.

பெருநாள் வியாபாரம் சூடாக நடந்த ஒரு காலையில், சேலையொன்றை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்தார். பாரிசவாதம் என்றார்கள். வலக் கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. சேலை வாங்க வந்தவர்களைக் கதையாலேயே கட்டிப்போடுகிற மனிதர், ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது "அது... அது..." என்பதோடு நின்றுபோனார்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சிவரூபினி மிஸ். ஆகிலாவையும் அவளுடைய உம்மா ஹாஜறாவையும் அருகில் கூப்பிட்டு இருத்தினார்.

"நீங்க சொல்ல அவர் திருப்பிச் சொன்னா அது தங்காது. சாமானக் காட்டுங்க, பேரக் கேளுங்க, பொறுத்திருங்க. அவரே தேடி எடுக்கோணும். வந்த சொல்ல ரெண்டு மூணு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்க. அறவே வராட்டி மட்டும் முதல் எழுத்த எடுத்துக் குடுங்க."

வீடிருக்கிற சாய்ந்தமருதுக்குத் திரும்புகிற ஓட்டோவில் ஆகிலாவுக்கு வேறொரு யோசனை ஓடியது. அவளும் புத்தகம் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டுதானே இருந்தாள்? புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னை ஒருநாளாவது கேட்டிருக்கிறாளா?

அன்று தொடங்கிப் பின்னேரம் அஸர் தொழுததும் வாப்பாவின் கட்டிலுக்கு எதிரே கதிரையைப் போட்டு இருப்பாள். படித்த பாடத்தைப் புத்தகமில்லாமல் அவருக்குச் சொல்லுவாள். இரத்தம் வலது சோணையறைக்குள் வருகிறது, அங்கிருந்து வலது இதயவறைக்கு, பிறகு நுரையீரலுக்கு. இடையில் தடுக்கினால் புத்தகத்தைத் திறக்க மாட்டாள். கண்ணை மூடித் துழாவுவாள். தெரியாததைத் தெரிந்ததுபோல் இழுத்தால் வாப்பாவின் புருவம் உயரும். விலை பேசுகிறவர்களின் பொய்யை எத்தனை வருசமாகப் பார்த்த கண். அவள் வெட்கத்தோடு சிரித்து முதலிலிருந்து தொடங்குவாள். இந்தக் கிழமை சொன்னதை அடுத்த கிழமை முன்னறிவிப்பில்லாமல் தன்னிடமே கேட்பாள். மஞ்சள் மைக்குப் பிடிபடாதவை மெல்ல மெல்ல உள்ளே குடியேறின.

அதன்பிறகு வாப்பாவின் முறை. கடைப் பூட்டின் திறப்பைத் தூக்கிக் காட்டுவாள்.

"இது என்ன வாப்பா?"

அவர் உதடு கோணும். நெற்றி வியர்க்கும். கண்ணில் நீர் கட்டும். வாசலில் நிற்கிற ஹாஜறாவுக்குத் தாங்காது.

"திறப்புங்க, திறப்பு! ஏன்கா அந்த மனிசனப் போட்டு வதைக்கிறாய்?"

"உம்மா, நீங்க சொன்னா அவருக்கு வராது."

"வராட்டிப் போகட்டும். அவர் கேக்காமலே நான் எல்லாம் எடுத்துக் குடுப்பன்."

ஆனாலும் ஒரு பின்னேரம், மழை இருட்டிக்கொண்டு வந்த நேரம், முத்தலிப் தானாகவே "தி... திறப்பு" என்றார். ஹாஜறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். பிறகு கோப்பை வந்தது, தண்ணி வந்தது, ஹாஜறா என்ற பேரும் வந்தது.

ஆகிலாவின் பெயர் மட்டும் வரவில்லை.

அவளைக் காட்டிக் கேட்டால் அவர் நெடுநேரம் பார்ப்பார். இடக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொடுவார். "அது... அது..." என்பார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவளுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்தது. மற்றச் சொற்களுக்கு முதல் எழுத்தைக் கொடுத்தவள், தன் பெயருக்கு அதையும் கொடுக்கவில்லை. அவராகவே எடுக்கட்டும், அப்படி எடுத்தால் பிறகு போகாது என்று நம்பினாள். வாப்பாவுக்குக் கேட்கத் தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமென்று உம்மாவையும் தடுத்தாள்.

"ஒருக்காச் சொல்லன் புள்ள, பாவம்."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க உம்மா. வரும்."

பரீட்சைக்குக் கிட்டவாகப் பாரிசவாதம் இரண்டாவது தடவை தாக்கியது. இம்முறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகவும் தவணை கிடைக்கவில்லை. விடியற்காலைச் சுபஹு தொழுகைக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை அடக்கத் தூக்கிக்கொண்டு ஆண்கள் மையவாடிக்குப் போனபிறகு, பெண்கள் நிறைந்திருந்த அறையில் ஹாஜறா மகளின் கையை உதறினாள்.

"நீ ஒருக்காச் சொல்லிக் குடுத்திருந்தா ஒண்ட பேரச் சொல்லிட்டுப் போயிருப்பாரே! அந்த ஆசையயும் வெச்சிட்டுப் போறார்."

ஆகிலா அழவில்லை.

பரீட்சை எழுதப் போனாள். இதயத்தைப் பற்றிய வினா வந்தது. ஒவ்வொரு வரியும் அவள் கதிரையிலிருந்து சொன்ன அதே ஒழுங்கில், எங்கே தடுக்கினாள், எங்கே புருவம் உயர்ந்தது என்பதோடு சேர்ந்து வந்தது. பேனையைக் கீழே வைத்துவிடலாமா என்று இரண்டொரு தடவை யோசித்தாள். வைக்கவில்லை, எழுதினாள்.

பெறுபேறு வந்தபோது மருத்துவ பீடத்துக்குப் போகலாம் என்கிற அளவுக்குப் புள்ளி இருந்தது. கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற இத்தாக் காலம் முடிந்திருந்த ஹாஜறா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சீனி போட்ட பால் கொடுத்தனுப்பினாள். கனநாளுக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் போனதும் ஆகிலா குசினி வாசலில் வந்து நின்றாள். மாதக்கணக்காய் நெஞ்சில் கிடந்ததைக் கேட்டாள்.

"உம்மா, அண்டைக்கு நீங்க சொன்னது சரிதானா? நான் சொல்லிக் குடுத்திருக்கோணுமா?"

ஹாஜறா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே திரும்பினாள்.

"எதக் கேக்காய்?"

"வாப்பா மௌத்தான அண்டைக்கு. என்ட பேரப் பத்தி."

ஹாஜறா நெற்றியைச் சுருக்கினாள். உண்மையாகவே யோசித்தாள். "நான் என்ன புள்ள சொன்னன்? அண்டைக்கு ஆர் வந்த, ஆர் போன எண்டுகூட எனக்கு நினைவில்ல" என்றாள். பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "நீ ஆரெண்டு அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள்.

"ஓம் உம்மா" என்றாள் ஆகிலா.

உம்மாவின் சொல், அதைச் சொன்ன குரல், கையை உதறின விசை, அறையில் இருந்த சாம்பிராணி வாசம் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. கழுவின கோப்பைகளை ஒவ்வொன்றாய் வாங்கித் துடைத்து அடுக்கத் தொடங்கினாள்.