திருமதி

அன்று மாலை வகுப்பில் தாடி ஒட்டிக்கொண்டு ஆண்ட ஒருத்தியின் பாடம். எகிப்தில் ஹட்செப்சுட் என்பவள் ராணியாக அல்ல, அரசனாகவே இருபது ஆண்டு ஆண்டாள். கடல் தாண்டிக் கப்பல் அனுப்பி வாசனை மரங்களை வேரோடு கொண்டுவந்தாள். மலையடியில் கோவில் கட்டினாள். அவள் செத்துப் பல வருஷம் கழித்து, பட்டத்துக்கு வந்த மகன் முறைக்காரன் அவள் பெயரை உளியால் கொத்தி எடுக்கச் சொன்னான். கொத்தியவர்கள் பெயரைக் கொத்தினார்களே ஒழிய, வாக்கியத்துக்குள் இருந்த பெண்பாலைச் சில இடங்களில் விட்டுவிட்டார்கள். அரசன் பெயருக்குப் பக்கத்தில் ‘அவள்’ எப்படி வந்தது என்று பிற்காலத்தில் படித்தவர்கள் திகைத்தார்களாம்.

இவாஞ்சலினுக்கு அதற்குமேல் பாடம் ஏறவில்லை.

அவள் அம்மா இருதயம்மாள் ஊராட்சித் தலைவராக இருந்தவள். ஊருக்கு என்னவோ அப்பா ஞானதுரைதான் ‘தலைவர்’. அம்மா வெறும் ‘தலைவர் வீட்டம்மா’. ஆனால் தண்ணீர்த் தொட்டிக்காகத் தேனிக்கு நடையாய் நடந்தது அம்மா. தொட்டிச் சுவரில் ‘தலைவர் திருமதி ஞா. இருதயம்மாள்’ என்று எழுதியிருந்தது. போன தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், அம்மா போய்ச் சேர்ந்தாள். தேர்தல் பேச்சு கிளம்பியதும், அந்தப் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதச் சொன்னார் அப்பா. பெயிண்டர் பெயரை மட்டும் மாற்றிவிட்டுப் போனார்.

‘தலைவர் திருமதி ஞானதுரை.’

குழாயடியில் மாயக்காள் கேட்டே விட்டாள். “என்ன தலைவரே, எப்ப இருந்து சேலை கட்டுறீக?”

மறுநாள் அப்பா வெள்ளை பெயிண்ட் டப்பாவை இவாஞ்சலினிடம் நீட்டினார். பெயிண்டர் சின்னமனூரில் வேலையாக இருக்கிறாராம்.

“அந்த ‘மதி’ய மட்டும் அழிச்சிரு தாயி. ஊரே சிரிக்குது.”

“அம்மாவுக்குன்னு வேற எங்கனப்பா இருக்கு?”

“கல்லறையில பேரு எழுதியிருக்குல்ல.”

அவள் சுவரைத் துணியால் துடைத்தாள். தூசி போனதா என்று இன்னொரு முறை துடைத்தாள். பிறகு ஒரே ஒரு பூச்சு, அதுவும் மெல்லிசாக. காய்ந்தால் அடியிலிருக்கும் கறுப்பு தெரியும் என்று நினைத்தாள். தெரியாமல் போய்விடுமோ என்றும் பயந்தாள்.

காய்ந்த பிறகு கீழே நின்று பார்த்தாள். நிழல்போல ‘மதி’ இருந்தது. நிஜமாகவே இருக்கிறதா, தன் கண்ணுக்குத்தான் அப்படியா என்று அவளுக்குத் தெரியவில்லை. குடத்தோடு வந்த மாயக்காளை நிறுத்தினாள்.

“அக்கா, அங்கன எதுவும் தெரியுதா?”

மாயக்காள் அண்ணாந்து, கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியல ஆத்தா. இப்பத்தான் தலைவர் பேரு சரியா இருக்கு.”