அண்ணன் விழுங்கிய பல்

என் அண்ணன் முப்பது வருடமாக ஒரே ஒரு பாறையை வைத்துப் பிழைப்பு நடத்துகிறான். அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு வயது முப்பத்தெட்டு கோடி வருடம் என்று சொன்னவன் அவன்தான். டாக்டர் பட்டம், ஆய்வகத்தில் தனி அறை, தலைக்கனம் எல்லாம் அதில் வந்ததுதான்.

நான் அங்கேயே டெக்னீஷியன். கல்லை வினிகர் மாதிரி நாறும் அமிலத்தில் ஊறப்போட்டு, கரையாத கசடில் பல் பொறுக்குவேன். பழங்காலக் கடல் பிராணிகளின் பல், மணலளவுதான் இருக்கும். எந்தப் பிராணி எப்போது வாழ்ந்தது என்பது தெரியும். அதை வைத்துப் பாறைக்கு வயது சொல்வோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மைக்ராஸ்கோப்பில் ஒரு பல் சிக்கியது. அந்தப் பிராணி பூமியில் தலைகாட்டியதே முப்பத்தாறு கோடி வருடத்துக்கு முன்புதான். பிறக்காதவன் பல் பாறைக்குள் எப்படி வரும்?

"அண்ணா, வந்து பாரு. உன் கல்லுக்கு ரெண்டு கோடி வயசு குறைஞ்சிருச்சு."

வந்தான். பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுபோலத் தூரிகை நுனியை நாக்கில் ஈரமாக்கிப் பல்லை ஒற்றி எடுத்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மறுபடியும் தூரிகையை நாக்கில் வைத்தான்.

"டேய்! துப்புடா!" அண்ணன் என்கிற மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிட்டது.

"ஐயோ, பழக்கதோஷம்..."

துப்பினான். அதையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வெறும் எச்சில்.

இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. அந்தக் கல்லைத் தொடவும் பிடிக்கவில்லை. அண்ணி சமாதானத்துக்கு வந்தாள்.

"அவரு வேணும்னே பண்ணுவாரா?"

"அதுதான் எனக்கும் தெரியணும், அண்ணி."

பாறையின் வயது நாசமாய்ப் போகட்டும். என் அண்ணன் பித்தலாட்டக்காரனா என்பதுதான் என் நெஞ்சை அரித்தது.

கடைசியில் மிச்சக் கல்லை எடுக்கப் போனேன். அலமாரி காலி. மிச்சத்தையும் ஒழித்துக்கட்டிவிட்டான் என்று நினைத்தேன். சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு அவன் அறைக்குள் நுழைந்தேன்.

உள்ளே வினிகர் நாற்றம். பத்து வருடமாகக் கசடைத் தொடாத மனுஷன் மைக்ராஸ்கோப்பில் கவிழ்ந்து கிடந்தான். பக்கத்தில் கண்ணாடித் தகட்டில் பசை போட்டு ஒட்டிய மூன்று பற்கள். மூன்றும் அதே பிராணி.

"நீ சொன்னதுதான் சரி. இன்னைக்கே ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிடறேன்."

"அன்னைக்குத் தெரியாமத்தான முழுங்கினே?"

நிமிரவே இல்லை.

"இல்ல. வேணும்னுதான் முழுங்கினேன்."

அடிக்கத்தான் கை ஓங்கினேன். அழுகை முந்திக்கொண்டது. தட்டில் கசடு பாதி மிச்சமிருந்தது.

"நகர்ந்து உக்காரு," என்றேன்.