எனோஸ் கெட்சர் மேல் பெய்த பனி

கொரியாச் சண்டையிலிருந்து ஊர் திரும்பிய நாள் முதல் எனோஸ் கெட்சர் மேல் மட்டும் வெண்பனி பெய்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, ஆகஸ்ட் மாதம். பக்கத்து டவுனான டாலக்வாவிலிருந்து வந்த பஸ் அவனைச் செரோக்கிச் சனங்களின் ஊரான எல்ம் ஹாலோவின் முக்கில் இறக்கிவிட்டபோது வெயில் நூற்றிரண்டு டிகிரி; அவன் கோட்டின் தோளில் இரண்டு விரற்கடை பனி கிடந்தது. ஒரு கை நீளத்துக்கு அப்பால் ஒரு பொட்டுகூட விழவில்லை. சனங்கள் பார்த்தார்கள். அந்த வருஷம் சோளம் கருகிப்போயிருந்ததால் அதைப் பற்றிய பேச்சே பெரிதாக இருந்தது. ஓலி டெஹீ மட்டும் பனியைப் பார்க்காமல், அவனுக்குப் பின்னால் இன்னொருவன் இறங்குகிறானா என்று பார்த்தாள். அவள் தம்பி ஜெஸ்ஸும் எனோஸும் ஒரே பஸ்ஸில் பட்டாளத்துக்குப் போனவர்கள். தம்பி செத்த தந்தி எட்டு மாதம் முன்பே வந்துவிட்டது, உடம்புதான் வரவில்லை. தெரிந்தும் பார்த்தாள். பஸ் கதவு மூடிக்கொண்டது. இரண்டு பேர் போய் ஒருத்தன் திரும்பினால் அந்த ஒருத்தன் மேல் ஒரு கண் வைக்கத்தான் வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

சின்ன வயதில் ஜெஸ்ஸைப் போலவே எனோஸும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். திரும்பி வந்தபின் மற்றவர்களைப் போல சிஸ்டர் ஓலி என்றான். அதையும் அவள் குறித்துக்கொண்டாள். மறு வருஷம் ஓடையில் ஞானஸ்நானம் வாங்கினான். அவனைச் சுற்றித் தண்ணீர் வளையமாக உறைந்துபோக, பாஸ்டர் காலால் ஐஸை உடைத்து அவனை முக்கியெடுத்து, ஒரு வாரம் விரல் மரத்துக் கிடந்தார். பென்ஷன் ஆபீசிலிருந்து ஓர் ஆள் வந்து பனியை அளந்துவிட்டு, இது சண்டையால் வந்தது என்பதற்குச் சான்றில்லை என்று எழுதிக்கொடுத்துப் போனான். சபைக்கு அந்தக் கவலை இல்லை. பன்றிக்கறி பொரிக்கும் விருந்துகளில் பெண்கள் எனோஸை நாற்காலியில் உட்காரவைத்து, தோளிலிருந்து வழித்தெடுத்து ஐஸ்க்ரீம் செய்தார்கள். பத்து வருஷத்தில் அவன் சபைப் பணி பார்க்கும் டீக்கனாகவும் ஆனான். செரோக்கி மொழிப் பாட்டுப் புத்தகம் ஈரமாகிவிடும் என்று எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். கடூகிக்கு, அதாவது ஊர்கூடிச் செய்யும் கூலியில்லா வேலைக்கு, முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனான். இவ்வளவு நல்லவனாக இருப்பவன் எதையாவது மறைப்பவனாகத்தான் இருப்பான் என்று ஓலிக்குப் பட்டது.

சபையின் பேரேடு அவள் கையில் இருந்தது. பிறப்பு, கல்யாணம், சாவு, சாகும்போது பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவள் எழுத்து. ஒருநாள் பக்கங்களைப் புரட்டிப் பெயர்களை எண்ணினாள். ஐம்பத்தொன்றிலிருந்து எல்ம் ஹாலோவில் செத்த நாற்பத்தொரு பேரின் தலைமாட்டிலும் எனோஸ் இருந்திருக்கிறான். பாதி வீடுகளில் யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்பவே இல்லை. எல்ம் ஹாலோவில் இதற்கு ஒரு பெயர் உண்டு, அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். அண்டங்காக்கை போலக் கரைந்துகொண்டு வந்து, சாகக் கிடப்பவனின் மிச்ச நாட்களைத் திருடித் தன் ஆயுளோடு சேர்த்துக்கொள்கிறவன் அவன். எனோஸுக்கு வயசும் ஏறவில்லை. முப்பதிலும் தலை வெள்ளை, நாற்பதிலும் அதே வெள்ளை. பனிக்கு அடியில் நரை இருக்கிறதா என்று யார் துடைத்துப் பார்த்தார்கள்? எல்லாருக்கும் முதலில் அவன் தின்றது தன் தம்பியின் நாட்களைத்தான் என்று அவள் மனசு சொன்னது. சந்தேகத்துக்குச் சோறு போடத் தேவையில்லை, அது தானே தின்று வளரும்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஆகஸ்டில் அவள் புருஷன் வாட் டெஹீ நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கெடு சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளில் ஒரு மணி நேரத்தைக்கூட எவனுக்கும் கொடுப்பதாக இல்லை ஓலி. ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாளில் மருந்துக்காரர் என்பது அங்கே எல்லாருக்கும் வழக்கம்தான். மறுநாளே அவள் ஓடைக்கு அக்கரையில் இருந்த மருந்துக்காரக் கிழவரிடம் போனாள். அவர் மந்திரித்த புகையிலை கொடுத்தார். வீட்டைச் சுற்றிப் புகை போடு, வருகிறவனை நேருக்கு நேர் பார், நிஜமாகவே அவன் திருடன் என்றால் அடையாளம் கண்ட ஏழாம் நாள் செத்துப்போவான் என்றார். அவள் திரும்பி வந்தபோது எனோஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். படியில் பனி சேர்ந்திருந்தது.

"யாரு கூப்பிட்டா ஒன்ன?"

"யாரும் கூப்பிடல சிஸ்டர். வாட்டுக்கு முடியலன்னு தெரிஞ்சுது."

"எப்படித் தெரியும்? காக்கா வந்து சொல்லுச்சா?"

எனோஸுக்கு அது புரிந்தது. முகம் வாடிவிட்டது. ஓலி புகையை அவன் மேலேயே ஊதி, கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "இந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது," என்றாள்.

"சரி சிஸ்டர்," என்றான் எனோஸ். "வெறகு எங்க கெடக்கு?"

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். வாசலுக்கு வந்தவனைத் துரத்தலாம், வைவதற்கும் உரிமை உண்டு. ஆனால் நோயாளி வீட்டுக்குக் கடூகி செய்ய வந்தவனை விறகுக் குவியலிலிருந்து விரட்டியவர்கள் எல்ம் ஹாலோவில் யாரும் கிடையாது. விரட்டினால் அப்புறம் அவள் வீட்டுப் பிணத்துக்குக் குழி வெட்டக்கூட ஆள் வராது. குவியலோ வாட் படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது. எனோஸ் கோடரியை எடுத்தான். அடுப்புக்கு ஒரு மாசத்துக்கு வேண்டியதை முதல் நாளே பிளந்துவிட்டான், இரண்டாம் நாள் அதையே சன்னமாகப் பிளந்தான், மூன்றாம் நாள் வேலியைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேயே உட்கார்ந்தான். ஓலி காலையிலும் மாலையிலும் புகை போட்டாள், சமையலறைச் சுவரில் கரிக்கோடு இழுத்து நாள் எண்ணினாள். எனோஸைச் சுற்றிப் பனி முழங்கால் உயரம் சேர்ந்தது. திறந்த ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே போனது. வாட்டின் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் பீன்ஸ் ரொட்டி கேட்டான், ஐந்தாம் நாள் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டு கீழே இருந்தவனோடு மணிக்கணக்கில் பேசினான். ஓலி கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டாள், சரியாக விழவில்லை.

ஏழாம் நாள் அவள் மதியத்திலிருந்தே பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வெயில் சாய்ந்தது. எனோஸ் விழவில்லை. உட்கார்ந்த இடத்தில் கோடரியைத் தீட்டி முடித்து, அடுத்ததாக மண்வெட்டியைத் தீட்ட எடுத்தான். புகையிலை பழசாகியிருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஓலி உள்ளே போனாள். வாட் விழித்திருந்தான்.

"அவன் இன்னும் சாகலியேன்னு வருத்தமா?" என்றான்.

"சும்மா கெடங்க."

"ரெண்டு நாளுதான்னாங்க. வீட்டுக்கு வந்து இன்னைக்கு எட்டு. எவன் நாள எவன் திருடறான், நீயே சொல்லு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஜெஸ்ஸு வயித்துல குண்டு பட்டுக் கெடந்தானாம், ஓலி. எல்லாரும் மலைய விட்டு எறங்கிப் போயிட்டாங்களாம், இவன் மட்டும் போகல. மடியில போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஜெஸ்ஸு நம்ம சபைப் பாட்டு பாடச் சொல்லிக் கேட்டிருக்கான். இவனுக்கு அப்ப ஒரு பாட்டுகூட முழுசாத் தெரியாது. தெரிஞ்ச ரெண்டு வரியவே பாடிட்டு இருந்திருக்கான். பனி கொட்டிக்கிட்டே இருந்துச்சாம். எல்லாம் முடிஞ்சு இவன் எந்திரிச்சா, பனியும் கூடவே எந்திரிச்சு வந்துடுச்சாம்."

ஓலி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியாம். இருவது வருசமா நீ கேப்பேன்னு பாத்துட்டு இருக்கான்."

அவள் அழுதாள். தந்தி வந்த அன்றுகூட அவ்வளவு அழவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், "உள்ள வந்து ஒக்காரு," என்றாள். "கால நல்லாத் தொடச்சிட்டு வா." எனோஸ் உள்ளே வந்து உட்கார்ந்து பாடினான். ஓலியும் அங்கேயேதான் இருந்தாள், புகையிலைப் பொட்டலத்தைப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டு அவன் கைகளையே பார்த்தபடி. பழகிய சந்தேகம் ஒரே நாளில் வீட்டை விட்டுப் போகுமா? வாட் மேலும் மூன்று நாள் இருந்து, பாட்டின் நடுவில் போனான். தீட்டி வைத்த மண்வெட்டியால் எனோஸ்தான் குழியில் முதல் வெட்டு வெட்டினான்.

அதன்பின் பதினேழு வருஷம் வசந்தத்தில் காட்டு வெங்காயம் வந்தது, பெட்ரோல் விலை ஏறியது, பேரேடு இரண்டு தடவை மாற்றப்பட்டது. எண்பத்தெட்டு மார்ச் மாதம் எனோஸ் சாகப் படுத்தான். யாரும் கூப்பிடாமலேயே ஓலி போய், கதவை அடைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, புகையிலையைப் பற்றவைத்தாள். பொட்டலம் அதே பழைய பொட்டலம்.

"யாரக் காவல் காக்கறீங்க, அக்கா?" என்றான் எனோஸ். முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு அவன் வாயில் அந்தச் சொல் வந்தது.

"ஒன்னத்தான்டா. ஒரு மணி நேரத்தக்கூட எவனும் திருடக் கூடாது."

அவன் சிரித்தான். ஜெஸ்ஸுக்குப் பாடிய அந்த இரண்டு வரியைப் பாடச் சொன்னான். அவள் முழுப் பாட்டையும் பாடினாள். பாட்டு முடிவதற்குள் அவன் போய்விட்டான். அவன் தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டபோது கீழே இருந்த தலைமுடியும் வெள்ளையாகத்தான் இருந்தது. ஓலி எழுந்தாள். பனியும் அவளோடு எழுந்தது.

ஏப்ரலில் ஊர்க்கோடியில் ஒரு வீட்டில் கிழவர் ஒருவர் சாகக் கிடந்தார். ஓலி எனோஸின் கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு போனாள். அவள் தோளில் இரண்டு விரற்கடை பனி. அவர் மருமகள் கதவைப் பாதி திறந்து, கையில் புகையும் புகையிலையோடு, அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு கூப்பிட்டா ஒங்கள?"

"யாரும் கூப்பிடல," என்றாள் ஓலி. "வெறகு எங்க கெடக்கு?"

அந்தப் பெண் வீட்டின் பக்கவாட்டைக் கைகாட்டிவிட்டுக் கதவை மூடிக்கொண்டாள். ஓலி சுற்றிக்கொண்டு போனாள். குவியல் ஜன்னலுக்குக் கீழேதான் கிடந்தது.