அவைக்குறிப்பில் நின்ற வரி

கீழ்வானின் செம்மை மெல்ல வெளுத்து, ஆற்றின் இருகரையிலும் படர்ந்திருந்த மூடுபனி இளவெயில் பட்டுக் கரைந்து, பாலங்களின்மேல் தொழிலுக்கு விரைவோரின் காலடியோசை ஓயாது எழுந்துகொண்டிருந்த முற்பகற் பொழுதில், அந்நகரின் நடுவே கருங்கற்றூண்கள் தாங்கி நின்ற பேரவை மாளிகையை உள்ளக்கண்ணால் காண்பீராக, அன்பரே. முடிசூடிய மன்னன் வீற்றிருந்து ஆணை பிறப்பித்தது அங்கேதான். அவனைத் துரத்திய படைத்தலைவன் பதினோராண்டு தனியொருவனாய் முழங்கியதும் அங்கேதான். இன்று குடிமக்கள் வாக்களித்து அனுப்பிய நூற்றுப் பத்தொன்பதின்மர், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு, மழைக்கு முந்திய குருவிக் கூட்டம்போல் இரைந்துகொண்டிருந்ததும் அதே கூரையின்கீழ்தான்.

இம்மூன்று ஆட்சிகளையும் ஒரே மேசையிலிருந்து எழுதியவள் ஒருத்தி உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகளாய் அவையின் சுருக்கெழுத்தாளராய் இருந்த அவளுக்கு, மன்னன் காலத்தில் பணி எளிது. அவன் சொன்னதை எழுதி, 'அவை பணிந்தது' என்று முடித்தால் போதும். படைத்தலைவன் காலத்தில் எழுதுவதைக் காட்டிலும் அழிப்பதே அவள் பணியாயிற்று. ஒருநாள் பள்ளி ஆசிரியராய் இருந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "எனக்கு உடன்பாடு இல்லை" என்று மூன்றே சொல் உரைத்தார். மாலைக்குள் ஆணை வந்தது. அவள் தன் கையாலேயே அச்சொற்களை அழித்து, 'அவை ஒருமித்து ஏற்றது' என்று எழுதினாள். மறுநாள் முதல் அந்த ஆசிரியரைக் கண்டவர் எவருமிலர். "ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்கோம். வாயத் திறக்காம வேலையப் பாரு," என்றான் கணவன். அவன் சொன்னதிலும் தவறில்லை. ஆயினும் தொண்டையில் தைத்த முள்போல் அம்மூன்று சொற்களும் அவளுக்குள் நெடுங்காலம் உறுத்திக்கொண்டே இருந்தன.

குடியாட்சி மலர்ந்து நான்காம் திங்கள். முதலமைச்சராய் அமர்ந்தவர், கொடுங்கோலனை எதிர்த்து ஒன்பதாண்டு சிறையில் வாடியவர். நகரமே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நல்லவர். கால் கடுக்க ஐந்து மணிப்பொழுது வரிசையில் நின்று அவருக்கே வாக்களித்தவள் நம் சுருக்கெழுத்தாளர். அம்முற்பகலில் அவையில், ஓடம் ஓட்டிப் பிழைத்துத் தேர்தலில் வென்று வந்த பெண் உறுப்பினர் ஒருத்தி எழுந்தாள்.

"பாலம் எங்க துறைக்குத்தான்னு சொன்னீங்க. இப்ப உங்க மச்சான் ஊருக்குப் போகுது. அது எப்படிங்க?"

அவை முழுதும் சிரித்தது. முதலமைச்சரின் காது சிவந்தது. நண்பகல் இடைவேளையில் அவரே குறிப்பறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்.

"அந்தக் கேள்விய மட்டும் எடுத்துடுங்கம்மா. ஒரு வரிதானே."

அவள் எழுதுகோலைக் கீழே வைத்தாள். "ஒரு வரிதாங்க ஐயா. ஆனா நீங்க சொல்லி எடுக்க முடியாது. அவை சொன்னாத்தான் எடுக்கலாம்."

"ஒம்பது வருஷம் உள்ள கிடந்தவன் நான். என்னையும் அந்த ஆளோட சேத்துட்டீங்களா?"

"சேக்கலைங்க. அந்த ஆள் சொன்னப்ப எடுத்துட்டேன். உங்ககிட்டயாவது முடியாதுன்னு சொல்லலாம்னுதான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன்."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார். இனி இங்கே தனக்கு இடமில்லை என்று எண்ணிய அவள், மூக்குக் கண்ணாடிக் கூட்டையும் மகன் வாங்கித் தந்த நீர்க்குவளையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு அவைக்குள் சென்று அமர்ந்தாள். பிற்பகலில் முதலமைச்சர் எழுந்து, அக்கேள்வியைக் குறிப்பினின்று நீக்கவேண்டுமென்று தாமே முன்மொழிந்தார். அவைத்தலைவர் கைகளை எண்ணினார். நீக்குக என்றோர் ஐம்பத்தெழுவர். நீக்கற்க என்றோர் அறுபத்தொருவர். எதிர்த்து உயர்ந்த கைகளுள் அவர்தம் கட்சியினரின் கைகளும் இருந்தன.

படைத்தலைவன் காலத்தைப்போல் வாயிற்கதவு திறந்து காவலர் எவரும் உள்ளே வரவில்லை. எதிர்த்தவர் ஒருவர் பெயரும் குறிக்கப்படவில்லை. முதலமைச்சர் இருமித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, கேள்வி இருக்கட்டும். நாளைக்குத் தாளோட வந்து பதில் சொல்றேன்."

அதனையும் அவள் எழுதினாள். முன்மொழிந்தவர் தம் பேச்சைப் படித்துக் கையொப்பமிடுவது முறையாதலால், கதிரவன் சாயும் பொழுதில் அவர் மீண்டும் குறிப்பறைக்கு வந்து படிக்கலானார்.

"நான் இருமுனதகூட எழுதியிருக்கீங்களே."

"இருமுனீங்களே ஐயா."

அவர் முதலில் முறைத்தார். பின்பு வாய்விட்டுச் சிரித்துக் கையொப்பமிட்டார்.

குடியாட்சி இரைச்சல் மிக்கது, அன்பரே, நடையும் மெதுவானது. அந்தப் பாலத்தைப் பற்றிய வழக்காடல் மேலும் ஏழு திங்கள் நீண்டது என்பதை ஒளிப்பானேன். ஆயினும், ஆள்வோன் ஒன்றைக் கேட்டு, இல்லையென்ற விடை பெற்று, தன் தோல்வியின் கீழ்த் தானே கையொப்பமிட, மறுத்தவளும் அச்சமின்றி வீடு திரும்பும் நாட்டைப் பெற்றவர் பேறு பெற்றவர். கற்படிகளில் இறங்கி ஆற்றங்கரைத் தெருவின் கூட்டத்தில் கலந்த அவள், அன்று எவருக்கும் ஒதுங்காமல், தலைநிமிர்ந்து, நடுத்தெருவில் நடந்தாள்.