பட்டியலின் முதல் வீடு

கன்ட்ரோல்-சி அடித்தேன். மறுபடியும் அடித்தேன். ஓடுகிற கணக்கை நிறுத்தச் சொல்லும் விசை அது. என் கணக்கு காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்படிப் போட்டுக்கொள்ளும்? நடுநடுவே ‘யாராவது நிறுத்தச் சொன்னார்களா’ என்று பார்க்கும் வரியை, வேகம் குறைகிறது என்று போன மாதம் எடுத்துப் போட்ட புத்திசாலி நானேதான்.

நாலு மணிக்கு அணையைத் திறப்பார்கள். முடிந்தவர்கள் வெளியேறலாம் என்று பொதுவாக அறிவித்தாகிவிட்டது. எந்தெந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதை மூன்று நாள் ஓடிய என் கணக்கு கண்டுபிடித்தும் விட்டது, வீட்டுக்கு ஒரு ஆம் அல்லது இல்லை. ‘ஆம்’ வீடுகளை மட்டும் பொறுக்கி ஆழம் பார்ப்பதுதான் பாக்கி. அங்கேதான் கோட்டை விட்டேன். ஆம், இல்லை என்பதை ஒன்று, சுழியம் என்று வெறும் எண்ணாக அனுப்பிவிட்டேன். ஆழம் பார்க்கும் கணக்கு அவற்றைப் பட்டியலில் வீட்டின் இடம் என்று எடுத்துக்கொண்டது. கணினி சுழியத்திலிருந்துதான் எண்ணும், சுழியம் என்றால் முதல் வீடு. சோதனைக்காக நான் முதலில் எழுதி வைத்திருந்தது அக்கா வீட்டை. ஊரில் எந்த வீடு தப்பித்தாலும், மூழ்குவது ‘அக்கா வீடு’ என்று திரையில் ஒரு வரி விழுந்தது.

சரியான விடை அதே கணினியின் நினைவகத்தில்தான் கிடந்தது. இந்த ஓட்டம் முடியாமல் அதைத் தொட முடியாது. நூறு வீட்டுக்குப் போட வேண்டிய கணக்கை லட்சம் வீட்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தது, சனியன். முடிய ராத்திரி ஆகிவிடும். அடியோடு அணைத்தால் மூன்று நாள் வேலையும் போய்விடும்.

மூன்று இருபதுக்கு அக்கா போன் செய்தாள்.

“என்னடி, ஆமாவா இல்லையா? ஒரு வார்த்தை சொல்லேன்.”

“இன்னும் ஓடிட்டிருக்குக்கா.”

“மாமாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி நாலு நாள்தான் ஆச்சு. அசைக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர். வீணாத் தூக்கிட்டுப் போய், கால் வெளங்காமப் போச்சுன்னா என்னடி பண்ணுவேன்? நீ சொன்னாத்தான் தூக்குவேன்.”

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு விசையை அடித்துக்கொண்டே இருந்தேன். விரல் வலித்தது. மூன்று முப்பத்தைந்து. திரையில் அக்கா வீடு, அக்கா வீடு, அக்கா வீடு.

“கெளம்புக்கா.”

“நெஜமாவா? லிஸ்ட்ல எங்க வீடு வந்திருச்சா?”

“வந்திருச்சுக்கா.”

அவள் போனை வைக்கவில்லை. யாரோ இரண்டு பேர் மெத்தையோடு தூக்கும் சத்தம் கேட்டது. மாமா அலறினார்.

“கொஞ்சம் பல்லக் கடிச்சுக்கோங்க,” என்றாள் அக்கா. “என் தங்கச்சி கணக்குப் போட்டுப் பாத்துட்டா.”