பிற்பகல் என்று எழுதியவர்

பெண் கேட்டு வந்த வீட்டில் ஜோனாஸ் முதலில் பேசியது பையனைப் பற்றி அல்ல, தன் பென்ஷனைப் பற்றி.

"போன வாரம்தான் பேங்க்ல ஹயாதீச்சா தாக்லா குடுத்துட்டு வந்தேன். நான் உசுரோட இருக்கேன்னு வருஷா வருஷம் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மாசம் பொறந்தா டாண்ணு பணம் வந்திரும். உங்க பொண்ணுக்கு எங்களால ஒரு பாரமும் கிடையாது பாருங்க."

கோர்படி ரயில்வே காலனிக்குப் பின்னால் இருந்த அந்த இரண்டு அறை வீட்டில் ஹெலினா டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் தன் வாசலுக்கு வரும் நாளை இருபது வருடமாக அவள் விதவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். பேடா டப்பாவோடு வருவார் என்று மட்டும் நினைத்ததில்லை.

"நீங்க உசுரோட இருக்கிறது எனக்கு ரொம்ப சந்தோஷம் சார்" என்றாள்.

ஜோனாஸின் மனைவி ஈனிட் சிரித்துவிட்டாள். "கேட்டீங்களா? கட்டிக்கிட்ட எனக்கே அப்படித் தோணினதில்ல."

ஹெலினாவும் சிரித்தாள். அவளுடைய மகள் கிளாரிசா மட்டும் தலை நிமிராமல் வலது கையால் இடது கையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன் கிரேக் மாடி ஏறி வராமல் கீழே காரிலேயே இருந்தான். பாணேரில் ஒரே ஆபீஸில் வேலை பார்க்கிற இருவரும் மூன்று வருடமாகக் காதலிக்கிறார்கள். அவன் யார் மகன் என்பது ஹெலினாவுக்குத் தெரிந்தது ஆறு மாதத்துக்கு முன்புதான். தெரிந்த அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவனை வீட்டுக்கு அழைத்து, முப்பது பக்கம் கொண்ட ஒரு ஃபைலை முன்னால் வைத்து, "உங்கப்பா எழுத்தைப் படி" என்றாள். அவன் படித்தான். அதன் பிறகு அவளை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை, அம்மா என்றான்.

ஃபைலின் முதல் தாள் இரண்டாயிரத்து ஐந்து, அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியினுடையது. பள்ளிக்குத் தீபாவளி விடுமுறை. அலுவலகம் மட்டும் திறந்திருந்தது. ஆசிரியை வேலைக்கு ஆர்டர் வாங்கிக்கொண்டு காலை ஒன்பதரைக்கே ஹெலினா போய் நின்றாள். தலைமை கிளார்க் ஜோனாஸ், "அப்படி பெஞ்சில உக்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தாள். அவர் பேப்பர் படித்தார், போனில் பேசினார், டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பு சாப்பிட்டார். ஒன்றரைக்குப் பதிவேட்டைத் திறந்து, அவள் பெயருக்கு எதிரே "ஏ.என்." என்று இரண்டு எழுத்து எழுதினார். பிற்பகல். காலையில் வந்தவருக்கு எழுத வேண்டியது "எஃப்.என்.", முற்பகல். பிற்பகலில் சேர்ந்தவருக்குப் பணி மறுநாளிலிருந்துதான் கணக்கு. அந்த மறுநாளிலிருந்து சேர்கிறவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது. அது அவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அவளுக்கு ஒரு வாரம் முன்னால் சேர்ந்த பானு டீச்சருக்கும் அதே ஏழாம் வகுப்பு, அதே சம்பளம். ஓய்வு பெற்றால் பானுவுக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதி, சாகும்வரை. ஹெலினாவுக்குச் சம்பளத்தில் பிடித்துப் பங்குச் சந்தையில் போட்ட பணம் என்ன கொடுக்கிறதோ அது. ஓய்வு வயதை அறுபதாக்கப் போகிறார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் வருடத்துக்கு ஒரு வதந்தி வரும், அதுவும் போய்விடும். கணவர் ஹெர்பர்ட் போய் நான்கு வருடம். வருகிற மே மாதத்தோடு அவளுக்கு ஐம்பத்தெட்டு. எழுதிய ஒவ்வொரு மனுவுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பதிவேட்டில் உள்ளதே சாட்சி.

"கல்யாணத்துக்கு எனக்குச் சம்மதம் சார்" என்றாள் ஹெலினா. ஜோனாஸ் பேடா டப்பாவைத் திறக்கப் போனார். "இருங்க. ஒரு காகிதம் எழுதித் தரணும். நான் காலையில வந்தேன், நீங்கதான் உக்கார வச்சு மத்தியானம்னு எழுதினீங்கன்னு. உங்க கையெழுத்துல."

டப்பாவின் மூடி பாதியில் நின்றது.

"அது… அந்தக் காலத்து விஷயம். விதி போட்டது சர்க்கார். நானா போட்டேன்?"

"விதி சர்க்காருது. அந்த நாள் என்னுது. அதை எடுத்தது நீங்க."

"எதுக்குங்க அப்படிச் செஞ்சீங்க?" என்றாள் ஈனிட். ஹெலினாதான் சொன்னாள்: "அந்த வேலைக்கு வெயிட்டிங் லிஸ்ட்ல எனக்கு அடுத்த பேரு வேதநாயகி. உங்க தங்கச்சி. நான் சலிச்சு எழுந்து போனா வேலை அவளுக்கு, போகலன்னதும் அந்த ரெண்டு எழுத்து."

"அவளா? அவ மஸ்கட் போறேன்னு அதுக்கு முந்தின மாசமே பாஸ்போர்ட் எடுத்துட்டாளே! அவ வேண்டாம்னு சொன்ன வேலைக்கா இந்தப் பிள்ளை வயித்துல அடிச்சீங்க?" ஈனிட் கணவனைவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"எழுதிக் குடுத்தா என் பென்ஷன்ல கை வச்சிருவாங்க" என்றார் ஜோனாஸ். குரல் இறங்கியிருந்தது.

"வச்சா எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிடுவீங்க சார். நான் தெரிஞ்சுக்கிட்டு இருபது வருஷமாச்சு."

"அம்மா, பஸ் கரோ, போதும்" என்று கிளாரிசா முணுமுணுத்தாள். முணுமுணுப்பில் பாதி சிரிப்பு இருந்ததை ஜோனாஸ் கவனிக்கவில்லை. அவர் ஜன்னல் வழியே காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் இல்லையென்றால் கனடா போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன் என்று கிரேக் சொல்லியிருந்தான். அவருக்கு இருப்பது ஒரே பிள்ளை.

வியாழக்கிழமை காலை கல்வி அலுவலகத்தின் தபால் கவுன்டர் முன்னால் ஹெலினாவும் ஜோனாஸும் நின்றார்கள். இரண்டு பக்கம் எழுதிக் கொண்டு வந்திருந்தார். ஹெலினா அதை மாணவர் நோட்டு திருத்துவதுபோல வரிவரியாகப் படித்தாள். "'நினைவுப் பிழையால்'னு எழுதியிருக்கீங்க. பிழை இல்ல சார். தெரிஞ்சே. அடிச்சிட்டு எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும் கேட்டாள், போட்டார்.

கவுன்டர் பெண் முத்திரை குத்தித் தேதி போட்டாள். ஹெலினா நகரவில்லை. "வேளபண் லிஹா" என்றாள் மராத்தியில். நேரத்தையும் எழுது.

"வேள கஷாலா, மேடம்?" நேரம் எதற்கு என்றாள் கவுன்டர் பெண்.

"லிஹா. சகாளி அக்ரா வாஜதா."

காலை பதினொன்று என்று எழுதும்வரை ஜோனாஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஃபைல் மேலே போய்ச் சேர எத்தனை மாதமாகும், மே மாதத்துக்குள் திருத்துவார்களா, யாருக்கும் தெரியாது. ஆனால் பதிவேட்டுக்கு எதிராகப் பேச இனி ஒரு தாள் இருக்கிறது. பதிவேட்டை எழுதிய அதே கை எழுதியது.

வெளியே வந்ததும் வெயிலில் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தார். பத்து வருடம் கூடினவர் போலிருந்தார். ஹெலினா மனதுக்குள் இரக்கத்தைத் தேடிப் பார்த்தாள். பெஞ்சும் மீன் குழம்பு வாசனையும்தான் அகப்பட்டன.

"கேட்டதைக் குடுத்துட்டேன்மா. இனி சர்ச் ஐயர்கிட்ட சொல்லி கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாமா? பிள்ளைங்க கல்யாணத்துக்கு ஒரு நாள் பார்க்கணும்."

"சர்ச்சுல ஆசீர்வாதத்துக்கு நாள் பாருங்க சார். கல்யாணம் முடிஞ்சிருச்சு."

"என்ன சொல்லுதீங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. ஒரு மாசம் நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, நீங்க அந்தப் பக்கம் வரல. நீங்க பேடா வாங்கிட்டு வந்தப்பவே என் மக உங்க மருமக. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். உங்க பையன்தான் சொன்னான், அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க, முதல்ல அந்தக் காகிதத்தை வாங்கிருங்கன்னு."

ஜோனாஸ் திரும்பி அலுவலகக் கதவைப் பார்த்தார். தாள் உள்ளே, முத்திரையோடு, நேரத்தோடு இருந்தது.

"எப்ப?" என்றார், ஏதாவது கேட்க வேண்டுமே என்பதுபோல. "எப்ப நடந்தது?"

ஹெலினா கைப்பையை மாட்டிக்கொண்டு ஆட்டோவுக்குக் கை காட்டினாள்.

"போன வாரம் திங்கக்கிழமை சார். எஃப்.என்."