முதலைவர் உரை

1
ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரே ஓர் எழுத்திலிருந்து வந்தது. மு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அனந்தபுரியின் பொன்மாலைப் பொழுதில், கரமனையாற்றின் தண்ணென்ற—’

வேண்டாம். நாகேஸ்வரன் எழுதியது போலவே இருக்கிறது.

2
நாகேஸ்வரன் கரமனையில் ஒரு தமிழ் மன்றத்தின் தலைவர். ஆண்டுமலர் நாற்பது பக்கம். அதில் ‘தலைவர் உரை’ முப்பத்தெட்டு. [மீதி இரண்டில் ஒன்று அவருடைய படம்.]

தட்டச்சு செய்பவள் விஷ்ணுப்ரியா, தற்காலிக ஊழியர். மலர் அச்சுக்குப் போகிற அன்றைக்கே வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அவளுடைய எழுத்துச் செயலியில் ‘எம்’ விசையையும் அடுத்து ஏதேனும் ஓர் எழுத்தையும் தட்டினால், அந்த வரியில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் விழும். எங்கே அலைந்தாலும் இரண்டே தட்டில் திரும்பி வரலாம். உரையின் தலைப்புக்கு அவள் வைத்த எழுத்து ஆங்கில ‘யு’, ‘உரை’யின் ‘உ’வுக்காக. ஆனால் முதலில் எஸ்கேப் தட்டி, எழுத்து விழும் நிலையிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். மறந்துவிட்டாள். ஆங்கில ஒலியைத் தமிழாக்கும் விசைப்பலகை, ‘எம்’மையும் ‘யு’வையும் கூட்டி, ‘தலைவர்’ முன்னால் கடமை தவறாமல் ‘மு’ போட்டுவிட்டது.

3
[இங்கே விஷ்ணுப்ரியாவை அழவைக்கப் பார்த்தேன். மாட்டேன் என்றுவிட்டாள்.]

அச்சுப்படியைத் தலைவர்தான் முதலில் வாசித்தார்.

“முதலைவர் உரை...”

“சார், அது—”

“நீ மிண்டாதே, குழந்தே. முதல் தலைவர், முதலைவர்! நான் மனசுல நெனச்சதை அப்படியே அடிச்சிருக்கே.”

“இல்லே சார், முதலைன்னா...”

“எனக்கு இலக்கணம் படிப்பிக்கண்டா, கேட்டோ. புணர்ச்சி விதியாக்கும் இது!” [அப்படி விதி கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.] “பட்டாபி, வாசல் போர்டையும் மாத்தச் சொல்லு.”

செயலாளர் பட்டாபி பலமாக இருமினார். “நெய்யாறு டாம் பண்ணையில கொஞ்சம் பேர் பொறாமைப்படுவா, சார்.”

“அங்கே நமக்கு ஆளுண்டா?”

“உண்டு சார். எல்லாரும் கரையில வெயில் காயறா.”

4
முதல் முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், தலைவர் மனம் நெகிழ்ந்து— [நீதிபோதனை வகுப்பு. அழித்தாயிற்று.]

இரண்டாவது: வாயை மூடிக்கொள்கிறாள். கையெழுத்து விழுகிறது. ஐந்நூறு பிரதிகள் அச்சாகின்றன. கடைசிப் பக்கத்தில் ‘தட்டச்சு: விஷ்ணுப்ரியா’. ஊர் சிரிக்கிற அன்று முதலைவர் யாரைக் கைகாட்டுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது: சத்தமில்லாமல் ‘மு’வை எடுத்துவிடுகிறாள். ஆனால் மலர் வந்ததும் அவர் முதலில் தேடப்போவது—

போதும். எழுதுகிறவன் நான், வேலை அவளுடையது. அச்சகம் போனில் காத்திருக்கிறது. தலைவர் கடிதத்தை இழுத்துவைத்துப் பேனாவைத் திறந்துவிட்டார். கர்சர் ‘மு’வின் மேல் துடிக்கிறது. விஷ்ணுப்ரியா அவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்க்கிறாள்.

“சீக்கிரம் சொல்லுங்கோ. இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?”